டிரைவர் சீட்

குனிந்து குனிந்து கார் சீட்டுகள் தைத்ததில் தாவூதுக்கு இடுப்பு கழன்றுவிடும்போல வலித்தது. இறந்துபோன கணவரின் பழைய பியட் காரை ரோஸ்லின் கொண்டுவந்திருந்தாள். டிரைவர் சீட்டின் ரெக்ஸினைக் கிழித்தவர் அப்படியே நின்றார். உள்ளே தேங்காய்நாருக்குப் பதில் சாக்குக் கந்தல். பதினெட்டு வருடத்துக்கு முன், நார் வாங்கிவரச் சோம்பல்பட்டு அவரே திணித்தது.

"கடைசிவரைக்கும் தலகாணி போட்டுத்தான் ஓட்டினாரு பாய். தாவூது பாய் தச்ச சீட்டுல குத்தமிருக்காது, என் முதுகுதான் கோளாறும்பாரு. நான் எதாச்சும் சொன்னா சண்டைக்கு வந்துடுவாரு" என்று சிரித்தாள் ரோஸ்லின்.

தாவூது கந்தலைக் காலால் பின்னே தள்ளிவிட்டு, "நல்ல மனுசன்மா" என்றார்.

அவள் போன பிறகு, ஷெட்டில் தனியாக உட்கார்ந்து புது நாரை உதறி உதறி ஸ்பிரிங்மேல் பரப்பினார். இருமடங்கு வைத்தும் மனம் ஆறவில்லை. இனி இதில் வேறு யாரோதான் உட்காருவார்கள். செத்துப்போனவருக்கு அவர் ஒரு நல்ல சீட் இன்னும் பாக்கி வைத்திருந்தார்.