இடம் பிடித்த பை

"ரெஃப்ரெஷ் மட்டும் பண்ணிறாதக்கா, கடைசிக்குத் தள்ளிரும்" என்று தங்கை போனில் சொல்லியிருந்தாள். அம்மாவின் நெஞ்சு இன்னொரு காய்ச்சலைத் தாங்காது. தடுப்பூசிக்கான இணைய வரிசையில் பெர்சி காத்திருந்தபோது, உள்ளறையில் அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. ரேஷன் கடையில் பை வைத்து இடம் போடும் பழக்கத்தில், பச்சை நூலால் ஒட்டுப்போட்ட மஞ்சப்பையைக் கணினி முன்னால் வைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது பதிவு உறுதியாகியிருந்தது.

மறுநாள் முகாமில் அம்புட்டுக் கூட்டம். முதல் நாற்காலியில் மட்டும் ஆளில்லை. வீட்டில் விட்டு வந்த அதே மஞ்சப்பை இருந்தது.

"ஒங்க பையாக்கா? நாங்க வரும்போதே இருந்துச்சு. யாரும் தொடல" என்றாள் அடுத்திருந்தவள். பெர்சி பையை எடுத்துக்கொண்டு அம்மாவை உட்கார வைத்தாள். பயம் வரவில்லை, நன்றிதான் வந்தது.

ஊசி போட்டு வந்த அம்மா நிம்மதியாகத் தூங்கினாள். கணினி முன்னால் வைத்த பை வைத்தபடியே இருந்தது. பெர்சி இரண்டையும் துவைத்துக் கொடியில் போட்டாள். பச்சைத் தையல் இரண்டிலும் ஒரே இடத்தில் கோணியிருந்தது.