கார் சீட்டின் நிறம்

விற்பனையாளர் இந்த முறையும் அவனைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஏசி போட்டாலும் இழுவை கொறையாதுங்க சார். மேடேறினா நீங்களே பாப்பீங்க."

கார் வாங்க வந்தவள் அத்தை. பக்கத்தில்தான் நிற்கிறாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தச் சிவப்புக் காரை ஏற இறங்கப் பார்க்கிறாள்.



அத்தை மகன் தினகரன் காலையிலேயே ஓசூரிலிருந்து போனில் பிடித்துவிட்டான். "கூடப் போ மாப்ள. ஆனா எதையாச்சும் பேசித் திருப்பிக் கூட்டியாந்துரு. இந்த வயசுல அம்மாளுக்கு என்னத்துக்குக் காரு?"

போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனாலும் பூம்பூம் மாடு மாதிரி ஆட்டிவிட்டான்.

இது மூன்றாவது ஷோரூம். முதல் இரண்டிலும் அத்தை ஒரே வேலையைத்தான் செய்தாள். முன்கதவைத் திறந்தாள். சீட்டை உள்ளங்கையால் அழுத்தினாள். பாலித்தீன் உறை நெறுநெறுத்தது. மூடிவிட்டு நடந்தாள்.

பிடிக்கவில்லை என்று அவன் மனக்கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டான்.

இங்கேயும் அழுத்தினாள். இங்கேயும் நெறுநெறுத்தது.

இந்தத் தடவை அவள் கதவை மூடவில்லை.

"யாருங்க ஓட்டறது? சாருங்களா?"

அத்தை கைப்பையைத் திறந்து லைசென்ஸை எடுத்தாள். பானெட்டின் மேல் வைத்தாள்.

புத்தம் புதுசு.

அவன் வாயைப் பிளந்தான். போன மாதம் முழுக்கக் காலையில் கோயில், கோயில் என்று ஓடியது இதற்குத்தானா!

"இந்த ஒறைய இப்பவே கழட்டோணும், தம்பி."

"ஆறு மாசம் இருக்கட்டுமுங்கம்மா. சீட்டு அழுக்காகாதுங்க."

மாமாவும் இதையேதான் சொன்னார். மாமாவின் வெள்ளைக் காரில் கடைசிவரை உறை கழற்றப்படவில்லை. முன்னால் மாமாவும் அவருடைய அம்மாவும். அந்த அம்மா போன பிறகு மாமாவும் தினகரனும். பின்னால் எப்போதும் அத்தை. பழனிக்குப் போனாலும் பவானிக்குப் போனாலும், இறங்கும்போது முதுகில் ஒட்டிய ஜாக்கெட்டை உரித்து எடுத்துக்கொண்டுதான் இறங்குவாள்.

மாமா காலமானதும் தினகரன் அதை விற்றான். வாங்கியவன் தெருவிலேயே உறையைக் கிழித்துப் போட்டான்.

உள்ளே சீட்டு நீலம்.

அத்தை வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீலமா இருந்துச்சா?" என்று அவனைத்தான் கேட்டாள். அன்றைக்கு அவனுக்கு அது ஒரு பேச்சாகவே படவில்லை. இப்போது சுரீரென்றது.

"கவரைக் கிழிச்சா வண்டிய எடுத்தே ஆகோணுமுங்க." விற்பனையாளர் அவன் பக்கம் திரும்பினார். "சார், நீங்களாச்சும் சொல்லுங்க."

அவன் சொல்லலாம். சொல்லத்தான் வந்திருந்தான்.

அத்தையும் அவனைப் பார்த்தாள்.

அவன் பைக் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினான். "முனை கூர்மையா இருக்கும் அத்தை."

சர்ரென்று ஒரே இழுப்பு. ஷோரூமே திரும்பிப் பார்த்தது. உள்ளே பழுப்பு நிறத் துணி, ஒரு கறை இல்லாமல்.

அத்தை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதுகை நன்றாகச் சாய்த்தாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். அவள் முகத்தில் அப்படியொரு பவிசை அவன் பார்த்ததே இல்லை.

"பின்னால ஏறிக்கோ, கண்ணு."

ஏறினான். பின்சீட்டில் உறை அப்படியே இருந்தது. சட்டை உடனே முதுகில் ஒட்டியது.

போன் அடித்தது. தினகரன்.

அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க அவனுக்குக் கை ஒழியவில்லை. இரண்டு கையிலும் பின்சீட்டுப் பாலித்தீன், பாதி கிழிந்து.