கழுத்துக்குள் இருக்கும் எண்

சமையல்காரரின் உடம்பில் முக்குளிப்பவரின் தலை இருந்தது.

வெள்ளை அங்கி, கையில் கரண்டி. அதற்கு மேலே நீர்க்கண்ணாடி மாட்டிய முகம்.

அவன் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். பாதத்தில் ஏழு என்று பொறித்திருந்தது. தலையை வெந்நீரில் முக்கி, ரப்பர் இளகட்டும் என்று காத்திருந்து, மெல்லத் திருகிக் கழற்றினான். கழுத்துக்குள் பத்தொன்பது.

மேசை முழுக்க நின்றார்கள். விரல் உயரம் இருந்தால் அதிகம். போலீஸ், விமானி, நர்ஸ், தபால்காரர், தீயணைப்பு வீரர். மாதச் சம்பளம் வந்ததும் ஷெரினுக்கு ஒன்று என்று வாங்கித் தந்தவை. உறையைப் பிரித்தால்தான் உள்ளே யார் என்று தெரியும். அவள் கடையிலேயே உறையைக் காதில் வைத்துக் கேட்பாள்.

"லேடி டாக்டர், டாடி. வாயைத் திறக்கச் சொல்லுறாங்க."

அநேகமாகத் தவறாகத்தான் சொல்வாள்.

இப்போது அவள் சென்னையில், அம்மாவோடு. இவன் மட்டும் தூத்துக்குடியில்.

முந்தின நாள் ஷெரினின் அம்மா பிரமிளா போனில் கூப்பிட்டிருந்தாள்.

"இங்க அவளுக்குன்னு தனி அலமாரி செஞ்சாச்சு. பொம்மைக்காக அங்க வந்து நிக்கணும்னு இல்ல பாருங்க. என்னென்ன இருக்குன்னு எழுதி அனுப்புங்க. ஒண்ணுக்கு ஒரு மாதிரி, அடுத்ததுக்கு ஒரு மாதிரி எழுதாதீங்க. தலையும் உடம்பும் சரியா இருக்கிறத பார்சல் போட்டுருங்க. சேராதது அங்கயே கிடக்கட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொன்னாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லலாம்.

சரி என்றான்.

மே மாதம் ஷெரின் இங்கே வருவாள். பொம்மைகளை வைத்து விளையாட வருகிறாள் என்றுதான் இரண்டு வீட்டிலும் பேச்சு. அப்பாவைப் பார்க்க என்று யாரும் சொல்வதில்லை. அவனும் சொன்னதில்லை.

பொம்மைகள் போய்விட்டால் எதற்கென்று சொல்லி வருவாள்?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தவன், சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிட்டான். எண், பெயர், நிலை. மூன்று கட்டம். ஓரிடத்தில் கை மடங்கியது என்றும் இன்னோரிடத்தில் கை வளைந்தது என்றும் எழுதியிருந்தான். ஒன்றை அடித்தான். மருத்துவர் என்று எழுதியது நர்ஸுக்குப் பக்கத்தில் உறுத்தியது. டாக்டர் என்று திருத்தினான்.

துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளின் எண்ணைச் சரிபார்ப்பது அவன் வேலை. பொருந்தாததைப் பொருந்தியது என்று இதுவரை எழுதியதில்லை. பொருத்த முடிந்ததைப் பொருத்தாமல் விடவும் அவனுக்குக் கை வரவில்லை.

போன மே மாதம் அவளை ரயிலேற்றிவிட்டுத் திரும்பியபோதுதான் தலைகள் மாறியிருப்பதைப் பார்த்தான். போலீஸ்காரருக்கு நர்ஸின் முகம். அவர் யாரையும் அதட்டக் கூடாது என்று நினைத்திருப்பாள். தபால்காரருக்கு விமானியின் தலை. கடிதம் சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்றிருக்கும்.

தூசி தட்டும்போதுகூட அதை அவன் கலைத்ததில்லை. சாப்பிட உட்காரும்போது அந்தப் பக்கமாகத் திரும்பி உட்காருவான்.

இப்போது ஒவ்வொரு தலையாகக் கழற்றினான். எண்ணைப் பார்த்து, உரிய கழுத்தில் அழுத்தினான். டப் என்று ஒரு சத்தம். நிலை: நன்று.

டப். நன்று.

டப்.

கடைசியில் எல்லாரும் அவரவர் முகத்தோடு நின்றார்கள். கடையில் விற்கிற பொம்மைகள் மாதிரி இருந்தன.

போன் அடித்தது. ஷெரின்.

"டாடி, எழுதிட்டீங்களா?"

"இப்பதான் முடிச்சேன் மக்கா. எல்லாம் ஜோரா இருக்கு."

"தலை?"

"மாட்டிட்டேன்லா. அவங்கவங்க தலை அவங்கவங்களுக்கு. ஒண்ணுகூட மிச்சமில்ல. நாளைக்கே பார்சல் போட்டா புதன்கிழமை உன் கையில இருக்கும்."

  

"யாரு உங்கள மாட்டச் சொன்னா?"

குரல் அடங்கி வந்தது. கதவைச் சாத்திவிட்டுப் பேசுகிறாள் போலிருந்தது.

"அம்மாதான் சொன்னா. சேர்ந்தது எல்லாம் உனக்கு வேணும்னு..."

"நான் கேக்கல." மூக்கை உறிஞ்சினாள். "போன லீவுலயே அம்மா சொல்லித்தான் விட்டாங்க, வரும்போது நல்லா இருக்கிறத எல்லாம் எடுத்துட்டு வந்துருன்னு. அதான் குளிக்கப் போறேன்னு சொல்லிட்டு, வாளி வெந்நில முக்கி முக்கி மாத்துனேன். ஒண்ணும் சரியில்லம்மான்னு சொல்லிட்டேன். வெரலெல்லாம் செவந்துபோச்சு தெரியுமா."



அன்று வாளித் தண்ணீர் ஆறும்வரை உள்ளே என்ன பண்ணுகிறாய் என்று கதவைத் தட்டியவன் அவன்தான். ரயிலுக்கு நேரமாகிறது என்று சத்தம் போட்டவனும் அவன்தான்.

"எந்தத் தலை யாருக்குன்னு ஞாபகம் இருக்கா மக்கா?" என்று கேட்டான்.

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? மாறி இருந்தா போதும் டாடி."

எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல், பொம்மைகளுக்கு நடுவே சாய்த்து நிறுத்தினான். தீயணைப்பு வீரரைக் கையில் எடுத்தான்.

"வச்சிராத" என்றான். "யாருக்கு யாருன்னு ஒவ்வொண்ணா நீயே சொல்லு."