பவுனுத்தாயின் விலாசம்

சுகாதார நிலையத்துக் கதவை உதைத்துத் திறந்தவன், நர்ஸ் ஜெயசீலியின் கொண்டையைப் பிடித்துத் தலையை மேசையில் மோதினான்.

"எம் பொண்டாட்டி பவுனுத்தாய எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?"

அவன் பவுனுத்தாயை வெட்டிய வெட்டுக்குப் போன வாரம் தையல் போட்டவள் ஜெயசீலிதான். அவள் இப்போது எங்கே தங்கியிருக்கிறாள் என்பதும் ஜெயசீலிக்குத் தெரியும்.

"வைத்தியத்துக்கு வந்தவங்க விலாசத்த யாருக்கும் குடுக்க மாட்டேன்."

அவன் அவள் சுண்டுவிரலைப் பின்னால் மடக்கி ஒடித்தான். அடுத்த விரலைப் பிடித்ததும், "மாதா கோயில் தெரு, பச்சைக் கதவு வீடு" என்று அலறினாள். அரிவாளை உருவிக்கொண்டு அவன் பைக்கில் பறந்தான்.

அது ஜெயசீலியின் வீடு. காலையில் அவளை வயிற்றில் மிதித்த புருஷன் அங்கே குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஜெயசீலி பவுனுத்தாயைப் போனில் அழைத்து, "வெளிய வராத தாயி, கதவத் தாழ் போட்டுக்க" என்றாள். பிறகு தன் புருஷனின் எண்ணை எடுத்து, அதை அழுத்தாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.