குட்டைப் பயிர்

காலையில் பரிதி பல் துலக்கினான், காப்பி போட்டான், மொட்டை மாடித் தொட்டிகளில் இருந்த நெற்பயிருக்குத் தண்ணீர் ஊற்றினான். கம்பின் குரோமோசோம் ஒன்றை ஏற்றி அவன் மனைவி இசைவாணி உருவாக்கிய நெல் அது. மழை பொய்த்த அந்த ஊரில் இனி விளையக்கூடியது அது ஒன்றுதான். அவள் இறந்தபின் இருந்த விதை முழுவதையும் அவன்தான் விதைத்தான்.

அவளோடு வேலை பார்த்த ஜெசிந்தா இலைகளைச் சோதித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எல்லாம் வெறும் நெல்லுதாண்ணா. குட்டையா சிலது முளைச்சிருக்குமே?"

"நோஞ்சானா இருந்துச்சு. பிடுங்கிப் போட்டுட்டேன்."

"கம்பு குரோமோசோம் அதுலதான் தங்கும். அக்கா சொல்லலையா?"

ஆஸ்பத்திரியில் கடைசி இரவு இசைவாணி பயிரைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினாள். பேசாமல் தூங்கு என்று அவன்தான் அதட்டினான்.

"சரிங்க, விடிஞ்சதும் சொல்றேன்" என்றாள்.