அரை எண்ணிக்கை

ஜமுக்காளத்தின் நடுவில் அவன். வலப்பக்கம் மிருதங்கத்துடன் மரியதாஸ் சார். இடப்பக்கம், சற்றுப் பின்தள்ளி, தாளம் போடுவதற்குத் தமயந்தி. எதிரே மேசைக்கு அப்பால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் துறைத் தலைவர். இன்னொன்றில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாள்.

ஆட்களை இப்படி உட்காரவைத்துவிட்டுத்தான் கடிதத்தைத் தொடங்கினான். பள்ளிக்கூட நாளிலிருந்து அவனுக்கு அப்படித்தான் வரும். நாள், இடம், ஆட்கள், பிறகு விஷயம்.

விஷயத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

எம்.ஏ. வாய்ப்பாட்டு, கடைசிச் செய்முறைத் தேர்வு. ஒருவர் பாடினால் கூடப் படிக்கும் ஒருவர் கையால் தாளம் போட வேண்டும். முதலாவதாக வருபவருக்குத் துறையிலேயே தற்காலிக விரிவுரையாளர் வேலை. வகுப்பில் ஒன்பது பேர். போட்டி என்னவோ அவனுக்கும் தமயந்திக்கும்தான்.

ஸ்வரம் பாடி முடித்துப் பல்லவியைத் திரும்ப எடுத்தான்.

அரை எண்ணிக்கை முந்தி எடுத்துவிட்டான்.

முதல் சொல் வெளியே வந்தபோதே தெரிந்தது.

தமயந்தியின் கை, எண்ணிக்கொண்டிருந்த விரலைப் பாதியில் விட்டுத் தாவி, அவனோடு வந்து சேர்ந்தது. யோசித்துச் செய்ததில்லை. படியில் வழுக்குகிறவனை எட்டிப் பிடிக்கிற கை.

மரியதாஸ் சாருக்கும் தெரிந்துவிட்டது. ஒட்டி வாசித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மாள் பார்த்தது தாவிய கையை மட்டும்.

"ஏம்மா, தாளம் போடத் தெரியாமலா ரெண்டு வருஷம் படிச்சே? நல்லாப் பாடுற பிள்ளையை ஏன் கெடுக்கிறே?"

தமயந்தி அவனைப் பார்த்தாள்.

தப்பு என்னோடதுங்க அம்மா. அவன் சொல்ல வேண்டியிருந்தது அந்த மூன்றே சொல்.

அவன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து குடித்தான்.

"மன்னிச்சுக்குங்க அம்மா," என்றாள் அவள்.

அடுத்து அவள் பாடினாள். அம்மாளின் கண் கடைசிவரை அவள் கையைவிட்டு நகரவில்லை. பட்டியல் வந்தபோது லயத்துக்கு இருபத்தைந்தில் அவளுக்குப் பதினொன்று.

அவனுக்கு இருபத்து மூன்று.

தேர்வு முடிந்த அன்றே வராந்தாவில் செருப்பை மாட்டிக்கொண்டே தமயந்தி கேட்டாள்:

"தண்ணி ரொம்ப நேரம் குடிச்சியேடா. தொண்டை நல்லா நனைஞ்சுதா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரும்போதெல்லாம் காது சுடுகிறது.

பணி ஆணை நேற்று வந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அம்மா பாயசம் வைத்துத் தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுத்துவிட்டு வந்தாள்.

பேனாவை உதறிக்கொண்டு மேலே எழுதினான். எந்த ராகம், எந்த இடம், எத்தனை எண்ணிக்கை, ஒன்றையும் விடவில்லை. பிசகு தன்னுடையது. அவள் கை தாவியது தன்னைக் காப்பாற்ற. அந்தப் பதினொன்று அவளுடையது அல்ல. மரியதாஸ் சாரைக் கேட்டால் சொல்வார். கையெழுத்துப் போட்டான். இரண்டு பக்கத்தில் ஓர் அடித்தல் இல்லை.

உறையின் மேல், துறைத் தலைவர், இசைத் துறை, என்று எழுதினான்.

மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் அந்த உறையை நான்காகக் கிழித்துவிட்டு வேறொன்று எடுத்தான்.

செல்வி தமயந்தி, 14, செக்கடித் தெரு, பட்டுக்கோட்டை.

உள்ளே வைத்த கடிதத்தில் 'மதிப்பிற்குரிய ஐயா' என்றிருந்ததை மாற்றவில்லை.

நாக்கால் பசையை நனைத்து ஒட்டினான். நான்கு முனையையும் கட்டைவிரலால் அழுத்தினான். தெருமுனைத் தபால் பெட்டிக்குப் போய், உள்ளே விழுந்த சத்தம் கேட்கும்வரை கையை எடுக்காமல் நின்றான்.