வளர்த்தவள்

தனுஷ்கோடி ரயில் நிற்கும் திருச்சி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் சாயங்கால வெயில் மஞ்சளாகக் கிடக்கிறது. தாயில்லாத ராசாத்தியைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்த மாரியாயி, ஜன்னல் கம்பிகளுக்கிடையே கையை நுழைத்து அவள் பின்னலைச் சரிசெய்கிறாள். பத்து வருஷத்துக்கு மேல் திரும்பிப் பார்க்காத அப்பா, மகளைச் சிலோனுக்கு அழைத்துப் போகிறார். எதிரே இருப்பவரிடம் மாரியாயியைக் காட்டி, “ஃபாஸ்டர் மதர்” என்கிறார்.

“அப்படின்னா என்ன கண்ணு?” என்று மாரியாயி ராசாத்தியிடம் கேட்கிறாள்.

“ஃபாஸ்டர்னா வளர்க்கிறதும்மா.”

“வளர்க்கிறவளா, வளர்த்தவளா?”

ராசாத்தி கம்பியைப் பிடித்தபடி யோசிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித் தரவில்லை. எஞ்சின் ஊதுகிறது. “ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதாம்மா” என்கிறாள். மாரியாயி தலையசைத்துக்கொண்டே, நகரும் ஜன்னலோடு பிளாட்பாரம் முடிகிற இடம்வரை நடக்கிறாள்.